அந்தோணியார் சாய்ந்த வருஷம்

1938 ஜூன் 2

நாலாம் வகுப்பில் இன்று பதினோரு பேர்தான். மற்றவர்கள் எலக்‌ஷன் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓட்டுப் போட அல்ல, கோஷம் போட. பஞ்சாயத்து போர்டு தலைவர் நாற்காலிக்கு மேலத்தெரு நல்லகண்ணுவும் கீழத்தெரு சவரிமுத்துவும் நிற்கிறார்கள். நல்லகண்ணு அம்மன் கோயிலுக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. சவரிமுத்து பூசைக்கு வந்தாலும் பிரசங்கத்தில் குறட்டை விடுவார். இப்போது ஒருவர் இந்து மதத்தையும் மற்றவர் திருச்சபையையும் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் அந்தோணியாருக்கும் அவர்கள் அம்மனுக்கும் போதாத காலம்.

ஜூன் 5

சவரிமுத்துவின் உத்தரவு வந்துவிட்டது. இந்த வருஷம் அந்தோணியார் சப்பரத்தை வேதக்காரர்களாகிய நாங்கள் மட்டும்தான் தூக்க வேண்டுமாம். மேலத்தெருவிலும் அதே தீர்மானம், அடுத்த பங்குனியில் அம்மனுக்கு அவர்கள் தோள் மட்டும்தான்.

முன்கம்புக்கு உயரம் ஒத்த இரண்டு ஆள் வேண்டும். ஊரில் ஆறடி ஆள் நானும் மேலத்தெரு தவசியும்தான். பதினாலு வருஷமாக அம்மனையும் நாங்கள்தான் தூக்கினோம், அந்தோணியாரையும் நாங்கள்தான் தூக்கினோம். எந்தச் சாமியும் ஆட்சேபித்ததில்லை.

தவசி கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன்.

"ஏலே, எனக்குப் பதிலா எவன்டா?"

"சவரிமுத்து மருமகன்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். மருமகன் என் கக்கத்துக்கு வருவார்.

ஜூன் 9

மருமகன் தோளில் இரண்டு தலையணை வைத்துக் கட்டி ஒத்திகை பார்த்தோம். சப்பரம் நின்றது, மருமகன் நிற்கவில்லை. செலினிடம் சொன்னால், "பேசாம அந்தோணியார இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போங்க" என்கிறாள். என் மனைவிக்கு மோட்சம் சந்தேகம்தான்.

ஜூன் 13

எழுத முடியவில்லை.

ஜூன் 14

மந்தைத் திடல் வரை ஒழுங்காகத்தான் போனோம். அங்கே மேலத்தெரு ஆட்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள், தவசியும் நின்றான். திருப்பத்தில் மருமகனின் தலையணை நழுவியது. சப்பரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, அந்தோணியார் தலைகுப்புற வந்து விழுந்தார். கழுத்து தனி, உடம்பு தனி. மந்தையே சிரித்தது.

"கல்லெறிஞ்சு சாச்சுட்டாக!" என்று எங்கள் பக்கத்தில் ஒரு குரல். அதுவரை ஒருவரும் ஒரு மண்ணாங்கட்டியைக்கூட எறியவில்லை. அதற்கப்புறம் எல்லோரும் எறிந்தார்கள். மூன்று கூரை எரிந்தது, இரண்டு தெருவிலும் மண்டை உடைந்தது. தவசிக்கு வலது கண்ணில் கல் பட்டுவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

யார் எறிந்ததென்று தெரியவில்லை.

ஜூன் 17

தவசி கண்ணுக்காக எங்கள் கோயில்பிள்ளை இஞ்ஞாசிமுத்துவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் சவரிமுத்துவுக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தவர், அதுதான் காரணம். கண்ணால் பார்த்ததாக மேலத்தெருவில் இரண்டு சாட்சி. அறுபது வயது மனுஷர், கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. கோயில் மணிக்கயிற்றையே உட்கார்ந்து எழுந்துதான் இழுப்பார்.

நல்லகண்ணுவுக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டார். சவரிமுத்துவுக்கு, வேதத்துக்காகச் சிறை போன ஒரு வேதசாட்சி கிடைத்துவிட்டார். இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஜூன் 20

தெரியவில்லை என்று எழுதினேனே, யாரை ஏமாற்ற? இந்த நோட்டைப் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

நான்தான் எறிந்தேன்.

எல்லாரும் சிரிச்சாங்க, அதை விடு. அவன் சிரிச்சான். பதினாலு வருஷம் கூடத் தூக்கினவன். தோள் எரியுது, சாமி கீழ கெடக்கு, இவன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான் — கையில கெடச்சத எடுத்தேன். கண்ணுக்குக் குறி வைக்கல. சத்தியமா வைக்கல. ஆனா அவனப் பாத்துத்தான் எறிஞ்சேன்.

ஜூன் 25

பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஐம்பத்துமூன்று மணி செபமாலையைப் பத்து நாளைக்கு உருட்டச் சொன்னார். "போலீசுக்குப் போகவா சாமி?" என்றேன். "ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. எலக்‌ஷன் முடியட்டுமே" என்றார். ஆண்டவருக்கும் ஓட்டு இருக்கிறது போல.

ஜூலை 8

இஞ்ஞாசிமுத்து மனைவி ஜெயமேரி வந்து அழுதார். "வாத்தியாரே, இவுக எறியலைன்னு கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். முத்து முத்தான கையெழுத்து. அதன் கீழே 'எழுதியவர் ஆரோக்கியசெல்வம்' என்று வேறு போட்டேன். தூ.

ஜூலை 21

தவசி மதுரையிலிருந்து வந்துவிட்டான். கண் போய்விட்டது. செலின் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூலை 24

போனேன். அவன் மனைவி முருகம்மாள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நான்தான்டா எறிஞ்சேன்."

"தெரியும். நேர எதுக்கதான நின்னேன்."

"பெறகு ஏன்டா போலீசுல சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். மதுர ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருந்தாக. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் செல்வமான்னு கேப்பேன். நாப்பது நாளு."

நான் அழுதேன். அவன் அழவில்லை. "இஞ்ஞாசி அண்ணன் உள்ள கெடக்காக. அதுல ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி. எந்திரிச்சுப் போ."

ஜூலை 25

ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். முடிந்த கேஸைக் கெடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஜாமீனில் வீடு வந்து சேர்ந்ததும் சவரிமுத்து வந்தார். அவர் போனதும் நல்லகண்ணு ஆள் அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எலக்‌ஷன் முடிகிறவரை பொறுக்கக் கூடாதா? ஊரில் மத ஒற்றுமை வந்துவிட்டது.

ஜூலை 30

இஞ்ஞாசிமுத்துவை விட்டுவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டுக் கிழித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6

எலக்‌ஷன் நடக்கவில்லை. பேசி முடித்துக்கொண்டார்கள். நல்லகண்ணு தலைவர், சவரிமுத்து உபதலைவர். ஒரே மாலையில் இரண்டு கழுத்தையும் விட்டு மந்தையில் ஊர்வலம் வந்தார்கள். எரிந்த மூன்று கூரையும் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

ஆகஸ்ட் 19

உத்தமபாளையம் கோர்ட். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மாஜிஸ்திரேட் தவசியைக் கேட்டார். "எனக்கு ராஜிதாங்க. உள்ள போட வேணாம்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. கேஸ் முடிந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் மட்டும்தான் இடம் காலி. தவசி ஏறினான், பார்த்தான், வந்தான். உட்காருவதற்கு முன் என்னை எழுப்பி மாறி உட்காரச் சொன்னான், அவனுக்குக் கண் போன வலது பக்கமாக.