மூர்த்தம் பார்க்கும் பேத்திக்கு

அன்புள்ள பேத்திக்கு,

நீ பேராதனை யுனிவர்சிட்டியிலிருந்து போனில், "நிறமூர்த்தம் பாக்குறேன் அப்பாயி" என்றதும், கல்யாண மூர்த்தம் என்று நினைத்து நம்ம தோட்டத்து லயம் முழுக்க, வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். பிறகல்லவா வந்து, "கல்யாணம் இல்ல அப்பாயி, நாடாப்புழுவோட குரோமோசோம்" என்று சொல்லி, வீடு வீடாக உயிர்ப்புழு கேட்டாய்!

"எங்க வயித்துலதான் புழு இருக்கும்னு படிச்சியாடி?" என்றாள் அடுத்த வீட்டு விசாலாட்சி. நானும், "நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் கெடையாது, போ" என்று வைதேன். புழு கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்று அழுதுகொண்டே நீ பதுளை பஸ் ஏறினாய்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதத்தோடு உன் சித்தப்பா ஒரு ஜாம் போத்தல் கொண்டுவருகிறான். நீ சொன்னபடி உப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறது. இன்னும் நெளிகிறது. அவனிடம் ஊறுகாய் என்று சொல்லியிருக்கிறேன். பசியெடுத்துத் திறப்பதற்குள் ஸ்டேஷனுக்கே போய் வாங்கிக்கொள்.

யாருடையது என்று கேட்காதே. போத்தலில் பேர் எழுதியே ஆகவேண்டுமென்றால், லயத்தில் ஒரு கிழவி என்று எழுது. ஆஸ்பத்திரி மருந்து குடித்துவிட்டாள். இப்போது அவளுக்கு நன்றாகப் பசிக்கிறது. பேத்தி போன் பேசினால் தூக்கமும் வரும்.

இப்படிக்கு,
வயிற்றில் புழு இல்லாத
உன் அப்பாயி