கத்தி படாது என்று நீ சொன்னாய்

எட்டு வயதுப் பிள்ளைக்கான மஞ்சள் டீசர்ட் ஒன்று இன்று காலையில் என் செக்கிங் மேஜைக்கு வந்தது. கழுத்து லேபிளில் 7-8 என்று போட்டிருந்தது. தையலைப் பார்க்க வேண்டியவள், அதை விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இதற்குள் நம் தர்ஷினி மாதிரி இரண்டு பிள்ளை நுழையலாம் என்றுதான் தோன்றியது. பக்கத்து மேஜைக்காரி, "ஏனுங்க்கா, டேமேஜுங்களா?" என்று கேட்டாள். "இல்ல அம்மணி, பீஸ் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி அடுத்ததை எடுத்தேன். அதற்கப்புறம் வந்த எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

உனக்கு எழுதி என்ன ஆகப் போகிறது என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாரிடம் போய் இதைச் சொல்வது? நீ போன பிறகு இந்தக் கம்பெனியில் என்னோடு சண்டை போடக்கூட ஆளில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது, புள்ள.

நீ திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். நான் அவிநாசிக்கு அந்தப் பக்கம் தோட்டங்காட்டில் வளர்ந்து, கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்தோம், அடுத்தடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். நீ என்னை "ஏட்டி" என்றபோது முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவோம். "இதென்ன மருவாதி?" என்று கேட்டேன். "மரியாத வேணும்னா ஓனர்ட்ட போய்க் கேளு. எங்கிட்ட வேணும்னா ஏட்டிதான்" என்றாய்.

என் வீட்டுக்காரர் பைக்கில் போனவர் விபத்தில் அடிபட்டுத் திரும்பி வராத அந்த வருடம், எனக்குச் சோறு ஊட்டாத குறையாக வைத்துக் காப்பாற்றியவள் நீ. சபைக்குக் கூட்டிப் போனதும் நீதான். "சும்மா வந்து உக்காரு. பிடிக்கலன்னா எந்திச்சுப் போயிரு. யாரும் கதவப் பூட்ட மாட்டாவ" என்றாய். நான் எழுந்து போகவில்லை. சாமியை விட்டு வேதத்துக்குப் போய்விட்டேன் என்று அன்றிலிருந்து என் அம்மா என்னோடு பேசுவதில்லை. அதையும் உன்னிடம்தான் சொல்லி அழுதேன்.

பிறகு அந்தக் கோடை. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த நம் சபையிலிருந்து ஆட்களை அனுப்பப் போவதாகப் பாஸ்டர் அறிவித்தார். அவர் சொல்லி முடிக்கும் முன் நீ கையைத் தூக்கிவிட்டாய். என் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாய். கோயமுத்தூரைத் தாண்டாத எனக்குப் பாஸ்போர்ட்! போட்டோ எடுக்கிறவர் சிரிக்காதீர்கள் என்று சொல்லியும் உன்னால் முடியவில்லை.

திருப்பூர்க்காரர்கள் எங்கே போனாலும் பனியன் கட்டு இல்லாமல் போவார்களா? சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருந்த சபை அண்ணன் ஒருவர் மஞ்சள் துணி கொடுத்தார். ஆராதனை முடிந்த ஞாயிறு மதியங்களில் அவர் யூனிட்டிலேயே நீயும் நானும் உட்கார்ந்து தைத்தோம். எந்த வயதுக்கு எந்த அளவு என்று யோசிக்கவே இல்லை. எக்ஸ்போர்ட் அளவு சார்ட் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக அந்த அளவுக்குத்தான் தைத்துக்கொண்டிருக்கிறோம். எட்டு வயது என்றால் இவ்வளவு என்று அது சொன்னது, நாமும் வெட்டினோம்.

அந்த மலையில் முதல் நாள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டுவிட்டபோதுதான் கூத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டை முட்டியைத் தொட்டது. கழுத்து தோளை விட்டு இறங்கியது. நாம் தைத்தது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான அளவு. தேயிலைக் கூடைக்குப் பக்கத்தில் அரை வயிற்றோடு வளர்கிற பிள்ளைகளுக்கு வேறு சார்ட் வேண்டும் என்பது, சட்டை தைத்தே வயிறு வளர்க்கிற நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். நீ சத்தமாகச் சிரித்துவிட்டு, அங்கிருந்த போதகர் வீட்டுக் கால்மிஷினைக் கேட்டு வாங்கினாய். "நீ போய்ப் பாட்டு சொல்லிக் குடு. நான் இதுகளச் சின்னதாக்குதேன்" என்றாய். ஊழியத்துக்கென்று கடல் தாண்டிப் போய் அங்கேயும் தையல் மிஷினில்தான் உட்கார்ந்தாய்.

அங்கேதான் தர்ஷினி உன்னிடம் வந்து ஒட்டிக்கொண்டாள். எட்டு வயது என்றார்கள். நம் ஊரில் பால்வாடிக்குப் போகிற பிள்ளை அளவுதான் இருந்தாள். மற்ற பிள்ளைகள் பாட்டுக்குக் குதித்தால் இவள் குதிக்க மாட்டாள். நான்கு எட்டு வேகமாக வைத்தால் உதடு நீலம் பாரித்து மூச்சு வாங்கும். அதனால் உன் மிஷின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நீ வெட்டிப் போடுகிற துணி வளையங்களைக் கையில் வளையலாக மாட்டிக்கொள்வாள். "சிஸ்டர், உங்க ஊர்ல புள்ளைக எல்லாம் இவ்வளவு பெருசா?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து உன் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் சட்டையை மட்டும் பிரித்துப் பிரித்து அளவு பார்த்துத் தைத்தாய். உனக்குப் பிள்ளையில்லை என்பதை அன்று நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி நாள் கூட்டத்துக்கு அவள் அம்மா கொழுந்து பறித்த கையோடு வந்தாள். "சிஸ்டர், நெஞ்சுல ஓட்டையாம். கொழும்புக்குக் கொண்டு வரச் சொல்லி நாள் குடுத்திருக்காங்க. கத்தி வைக்கணுமாம். எனக்கு ஈரக்கொலையே நடுங்குது" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ மண்டியிட்டாய். தர்ஷினியின் நெஞ்சில் கை வைத்து ஜெபித்தாய். நீ ஜெபித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டாரோடு பேசுவதுபோல் உரிமையோடு கேட்பாய். முடித்துவிட்டு அந்த அம்மாவின் முகத்தைத் துடைத்து, "பயப்படாதிய. இவ மேல கத்தி படாது. ஆண்டவர் தொட்டுட்டார்" என்றாய். எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது, புள்ள. நான் கண்ணால் பார்த்தேன், அந்தப் பிள்ளையின் முகம் அப்படித் தெளிந்திருந்தது.

திரும்பி வந்து பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு டீ டைமில் உன் போனுக்கு அந்தப் போதகரின் மனைவி குரல் பதிவு அனுப்பியிருந்தார். நீ ஸ்பீக்கரில் போட்டாய், நல்ல செய்தி என்று நினைத்து. தர்ஷினி தவறிவிட்டாள். கொழும்புக்குக் கொண்டு போகவே இல்லையாம். "சிஸ்டர்தான் கத்தி படாதுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டாங்க. சிஸ்டருக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. நீங்க தச்ச சட்டையப் போட்டுத்தான் அடக்கம் பண்ணோம்."

அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாய். நன்றி சொல்லிவிட்டாள்.

டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய் மிஷினைப் போட்டாய். பெல் அடித்தும் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து நீ சபைக்கு வருவாய், உட்காருவாய், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாய். வாய் மட்டும் அசையாது. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னது அன்பினால்தான் என்றேன். "அன்பா சொன்னா பொய் உண்மையாயிருமாட்டி?" என்று கேட்டாய்.

பிறகு உன்னால் இடது கையைத் தூக்கி நூல்கண்டை மாற்ற முடியாமல் போனது. நான்தான் கவனித்தேன். மார்பில் கட்டி ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, உன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. "எந்திரி புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று இழுத்தேன். நீ நகரவே இல்லை. "அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன வைத்தியமே எனக்கும் போதும்ட்டி" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. பாவி! தண்டனை கொடுக்க நீ யார்? உனக்குக் கொடுத்தால் அது உனக்கு மட்டும்தான் என்று நினைத்தாயா? எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டாயா? அன்றைக்குக் கம்பெனி வாசலில் நின்று கத்தினேன், எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் உன் வீட்டுக்காரரும் நானும் உன்னைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய்.

சபையிலிருந்து பார்க்க வந்தார்கள். பாஸ்டர் உன் தலையில் கை வைத்தார். நீ கண்ணைத் திறந்து, "ஐயா, குணமாயிரும்னு மட்டும் சொல்லிராதிய" என்றாய். அவர் நல்ல மனிதர், புள்ள. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார். அவர்கள் போன பிறகு நீ என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாய். "நான் வாய மூடிட்டு இருந்திருந்தா அவ அம்மா கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாளாட்டி?" என்று கேட்டாய். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆபரேஷன் செய்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "தெரியல புள்ள" என்றேன். "நீயாவது ஆறுதல் சொல்லாம இருக்கியே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய். அதற்குப் பிறகு நீ பேசியது தண்ணீர் கேட்டது மட்டும்தான்.

இந்தக் கோடையில் மறுபடியும் ஆட்கள் போகிறார்கள், வேறு தோட்டத்துக்கு. போன ஞாயிறு அந்த இளவட்டங்களிடம் இரண்டு வார்த்தை பேசும்படி பாஸ்டர் என்னைக் கேட்டார். முன்னால் போய் நின்றேன். "யாருக்கும் வாக்குக் குடுத்துட்டு வராதீங்க. டாக்டர் போகச் சொன்ன எடத்துக்குப் போகச் சொல்லுங்க. முடிஞ்சா நீங்களே கூடப் போங்க" என்றேன். ஒரு பெண், காலேஜில் படிக்கிறவள், ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "அப்ப நாம ஜெபம் பண்ணுனா என்னுங்க்கா ஆகும்?"

உன்னைக் கேட்க வேண்டிய கேள்வி அது. நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய், எல்லாரையும் சிரிக்கவும் வைத்திருப்பாய். நான் நீ உட்காரும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் பயந்துபோய், "போச்சாதுங்க்கா, பரவால்லீங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நேற்று என் தம்பி வந்திருந்தான். "உன்னயக் கூட்டிட்டுப் போனவளே போயிட்டா. இன்னும் எதுக்கு அங்க போய் உக்காந்துட்டு இருக்கறே? ஊட்டுக்கு வா, அம்மா பேசுவா" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. நான் அங்கே ஜெபிப்பதில்லை, பாடுவதில்லை. எழுந்து போகலாம், கதவைப் பூட்ட மாட்டார்கள். ஆனாலும் போகிறேன், நீ உட்கார்ந்த பெஞ்சில் போய் உட்காருகிறேன். தர்ஷினி ஏன் போனாள், நீ ஏன் போனாய் என்று ஆண்டவரிடம் கேட்டு, ஒரு பதிலும் வராமல் எழுந்து வருகிறேன். எனக்குள் மிச்சமிருப்பது கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால், உங்கள் இரண்டு பேருக்காக அவரிடம் சண்டை போட யார் இருக்கிறார்கள், புள்ள?