‘சா.’ என்று எழுதியது

நவ. 3, திங்.

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று போச்சு.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. முழுப்பெயர்: திருக்கோகர்ணம் – பேருந்து நிலையச் சாலை, வடிவமைப்பு வழிகாட்டி (வரைவு). நடைபாதை எத்தனை அடி, வடிகால் மூடி எப்படி, மரத்துக்கு எவ்வளவு குழி, பஸ் எங்கே நிற்க, வண்டிக்கடைக்கு எங்கே இடம், எல்லாம். இனி இந்த ரோட்டில் யார் என்ன கட்டினாலும் இதைப் பார்த்துத்தான். நாலு மாதம் வெயிலில் டேப் பிடித்து அளந்தவன் நான். முன்னுரையில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நன்றி. எனக்கு ‘களப்பணியாளர்’ என்று ஒரு சொல். பரவாயில்லை.

31ஆம் பக்கம் மட்டும் என்னுடையது மாதிரி. சுல்தான் பாய் கடையின் சாய்தளம், போட்டோவோடு. ‘சரியான சரிவுக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு.’ போட்டோ நான் எடுத்தது. பாய் துபாயில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். சக்கர நாற்காலி. ஊருக்கு வந்து ஆன்லைன் மனு போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். வாசல் ரோட்டை விட ஓர் அடி உயரம், சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம். புத்தகம் சொல்லும் கணக்கும் அதுதான். புத்தகம் வருமுன்னே அவர் கட்டிவிட்டார். அளக்கப் போன அன்று, “ஒத்தக் கையால ஏறுவேன், பாக்குறீங்களா சார்?” என்று ஏறிக் காட்டினார். இன்னொரு கையில் டீ கிளாஸ். சிந்தவில்லை.

நோட்டின் பழைய பக்கங்களைச் செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, “தி.கோ.ன்னா திருக்கோகர்ணம்னு ஒங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு ஒங்களுக்கே மறந்திரும் பாருங்க” என்றாள். கைவலி மிச்சம் என்றேன். பெண்டாட்டிக்கு என் நோட்டைப் படிக்க என்ன அவசரம்.

செய்ய: குடை. காஸ் புக். செ.க்குச் செருப்பு.


நவ. 4, செவ்.

மழை விட்டு விட்டு. டவுன் பஸ், ஜன்னல் சீட்.

தி.கோ. தாண்டியதும் பாய் கடை முன்னால் ஜே.சி.பி. வடிகால் தூர் வாருகிறார்கள். சாய்தளம் இல்லை. உடைத்த சிமென்ட் குவியலாக ஓரத்தில். கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு.

பின்சீட்டில் பேச்சு: “ஆக்கிரமிப்பு எடுக்குறாங்கப்பா.”

“பாய் கடையிலயா? அவரு என்னத்த ஆக்கிரமிச்சாரு? நடக்கவே முடியாது மனுசன்.”

பாய் ரோட்டுக்கு அங்கிட்டு நாற்காலியில். மடியில் பிளாஸ்டிக் பை சுற்றிய லேப்டாப். இரண்டு ஆட்டோக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி அவரைக் கடைக்குள் வைக்கப் போனார்கள். ஒரு பக்கம் சாய்ந்தது. பாய் லேப்டாப்பை இறுக்கிப் பிடித்தார், நாற்காலியை அல்ல. பஸ் நின்றுதான் இருந்தது. இறங்கியிருக்கலாம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வாருக்கு ஒன்றுமில்லை.

ஆபீஸ் போனதும் 74ஆம் பக்கம். பின்னிணைப்பு: அகற்ற வேண்டியவை. மழைக்கு முன் வேலையை முடிக்க என்று ஒப்பந்தக்காரர் போன வாரமே வாங்கிப் போன பட்டியல். வரிசை எண் 6: ‘சாய்ப்பு, 12 அடி, கணினி மையம் முன்பு.’

அந்த ரோட்டில் கடைக்குக் கடை முன்னால் தகரம் இறக்கிச் சாய்ப்பு போட்டிருப்பார்கள், வடிகாலை மறைத்து. அதை எடுக்கச் சொல்வது சரி. பாய் கடையில் சாய்ப்பே கிடையாது.

ரோட்டில் அளக்கும்போது குறித்த என் களத்தாளை எடுத்தேன். என் கையெழுத்து. ‘சா. 12 அடி.’ மேலும் கீழும் எல்லாம் சா. அவை சாய்ப்பு. இது சாய்தளம். எழுதும்போது எனக்குத் தெரியும். எழுதும்போது எப்போதுமே எனக்குத் தெரியும்.

அதைப் பார்த்துப் பட்டியலை டைப் அடித்தது மும்தாஜ். மணமேல்குடிப் பெண், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். சேர்ந்து ஐந்து மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் கேட்காமல் அடிக்கவில்லை. போனில் கேட்டாள். நான் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே.

“அண்ணே, சா.ன்னு பதினொண்ணு இருக்கு. எல்லாம் ஒண்ணுதானா?”

இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றால் அணை கட்டிக்கொண்டே சொன்னேன். “சாய்ப்புத்தாம்மா. எல்லாம் சாய்ப்புத்தான். போட்டுக்க.”

ரசம் நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. சே.


நவ. 5, புத.

மழை இல்லை. புழுக்கம்.

விஷயம் எங்கள் ஆபீஸ் மேலதிகாரி சார் காதுக்குப் போய்விட்டது. எல்லாரையும் கூப்பிட்டார்.

“யாரு டைப் பண்ணது?”

மு. எழுந்து நின்றாள்.

“படிச்ச பொண்ணுதானம்மா நீ? சாய்ப்புக்கும் சாய்தளத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? முப்பத்தொண்ணுல நல்லாருக்குன்னு போட்டோ போட்டுட்டு எழுபத்துநாலுல இடின்னு சொல்றோம். பாக்குறவன் சிரிக்க மாட்டான்?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன். மறுபடி கழற்றி மாட்டினேன்.

“வேலு, ஒரிஜினல் ஷீட்டை வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாய்யா. யாரு தப்புன்னு பாத்துருவோம். இந்தப் பொண்ணை வச்சுக்கிறதா வேணாமான்னு திங்கக்கிழமை முடிவு பண்றேன்.”

“சரி சார்.”

‘சார், நான்தான்.’ இரண்டே சொல். சுருக்கி எழுதுகிறவனுக்கு இது பெரிய வாக்கியமா?

மத்தியானம் மு. தனியாக உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

காஸ் புக் பண்ணியாச்சு.


நவ. 6, வியா.

லீவு. காய்ச்சல் என்று சொன்னேன். செல்வி நெற்றியில் கை வைத்து, “சுடவே இல்லையே” என்றாள். உள்காய்ச்சல் என்றேன். அவள் திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போய்விட்டாள்.

களத்தாள் பையில் இருந்தது. அதே நீலப் பேனா சட்டையில்.

செய்துவிட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் இங்கேயும் எழுதாவிட்டால் வேறு எங்கே. ஆறாவது வரியில் ‘சா.’வுக்குப் பக்கத்தில் ‘ய்தளம்’ சேர்த்தேன். புள்ளி இடைஞ்சலாக இருந்தது. ‘ய்’யின் கோட்டை அழுத்திப் போட்டு அதற்குள் மறைத்தேன். ஊதி உலர்த்தினேன். அழகாக வந்தது. நாலு மாதத்தில் அந்தத் தாளில் நான் முழுசாக எழுதிய ஒரே சொல் இது.

செல்வி திருநீறு கொண்டுவந்து பூசினாள். “இப்ப தேவலையா?” என்றாள். தேவலை என்றேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு.


நவ. 7, வெள்.

தாளை சார் மேசையில் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. இதைப் போயி சாய்ப்புன்னு அடிச்சிருக்கே அந்தப் பொண்ணு” என்றார். தோளில் தட்டினார். தட்டின இடம் சாயங்காலம் வரை உறுத்தியது.

மு. கடந்து போகும்போது தாளைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் கேன் பக்கம் வந்தாள்.

“அண்ணே, இந்த ஷீட்டை நீங்க எனக்கு வாட்ஸப்புலதான அனுப்புனீங்க?”

“ஆமா.”

“அந்தப் போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.”

டம்ளர் நிரம்பி வழிந்தது. குழாயை அவள்தான் மூடினாள்.

“அழிச்சிறவாண்ணே, வச்சுக்கவா?”

கேலியும் இல்லை, மிரட்டலும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பது போலக் கேட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஏன் சாரிடம் காட்டவில்லை? வேலைக்குச் சேர்ந்த அன்று டப்பா கொண்டுவராமல் உட்கார்ந்திருந்தவளுக்கு என் சோற்றில் பாதி கொடுத்தேன். அன்றிலிருந்துதான் அண்ணே என்கிறாள். அதை நினைத்துத்தான் காட்டவில்லை என்றால் என்னைப் போல் கேவலமானவன் இல்லை.


நவ. 8, சனி.

பாய் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

வாசலில் பலகை சாத்தியிருக்கிறது. செங்குத்து. நாற்காலி அதில் ஏறாது, ஆள்தான் ஏறலாம். உள்ளே பாய் ஒரு அம்மாவுக்கு மனு அடித்துக்கொண்டிருந்தார்.

“அட்ரஸ்?”

“இதே ரோடுதான் பாய்.”

“முழுசாச் சொல்லுங்கத்தா. சுருக்கிப் போட்டா எந்த ஆபீஸுலயும் நிக்காது. ரிஜெக்ட் பண்ணிருவான்.”

அந்த அம்மா போனதும் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது. ஸ்டூலைக் காட்டினார். எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். ஒரு டீ மட்டும்.

“உங்களுக்கு?”

“நான் இப்பக் குடிக்கிறதில்ல சார். காலையில வீட்ல ஒரு வாய் தண்ணி, அதோட சாயங்காலந்தான். குடிச்சா வெளிய போகணும்ல. போக ரெண்டு பேரு தூக்கணும், வர ரெண்டு பேரு தூக்கணும். ஆட்டோக்காரங்களும் பொழப்பப் பாக்கணும்ல?” சிரித்தார். உதடு காய்ந்திருந்தது. “நேத்து ஜும்மா தொழுகைக்கும் போகல.”

நான் டீயைக் கையில் வைத்திருந்தேன்.

“யாரோ ஆபீஸ்ல ஒக்காந்துக்கிட்டே எழுதியிருக்கான் சார். இங்கிட்டு வந்து பாத்தவன் எழுத மாட்டான். நீங்க வந்தீங்க, அளந்தீங்க, ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாங்க.”

“சொல்றேன் பாய்.”

டீயைக் குடித்தேன். அவர் எதிரில். முழுவதும். பலகையில் இறங்கி வந்துவிட்டேன்.


நவ. 9, ஞாயி.

எழுத ஒன்றும் இல்லை. குடை தைத்து வந்தது. இரண்டு கம்பி மாற்றியிருக்கிறான்.


நவம்பர் 10, திங்கட்கிழமை

நல்ல வெயில். வழிகாட்டி பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல இன்று கடைசி நாள். ஆபீசுக்குப் போகுமுன் திருக்கோகர்ணத்தில் இறங்கி பாய் கடைக்குப் போனேன்.

ஒரு மனு போடணும் என்றேன். திரையைத் திறந்தார்.

“சாய்தளத்துக்குத்தான சார்? போடுவோம். யாரு மேல?”

“என் மேல.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விரலை விசையில் வைத்துக் காத்திருந்தார். சொல்லச் சொல்ல அடித்தார். களத்தாளில் நான் ‘சா.’ என்று எழுதினேன் என்றதும் நிறுத்தினார்.

“சா.ன்னா?”

“சாய்தளம்.”

“முழுசா எழுதலயா?”

“எழுதல. கேட்டப்பவும் சாய்ப்புன்னு சொல்லிட்டேன். கேட்ட பொண்ணு மேல பழி போச்சு. அப்பறம் தாளைத் திருத்திட்டேன்.”

பாய் வாசலைப் பார்த்தார். பிறகு என் ஸ்டூலைப் பார்த்தார்.

“சனிக்கிழமை இதுலதான ஒக்காந்து டீ குடிச்சீங்க?”

“ஆமா பாய்.”

“நான் இங்க தண்ணிகூடக் குடிக்கிறதில்லன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே குடிச்சீங்க.”

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திரும்பி அடிக்க ஆரம்பித்தார். பந்தி, ரசம், போன், நீலப் பேனா, புள்ளியை மறைத்தது, எல்லாம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மும்தாஜ் பெயருக்கு மட்டும் எழுத்து சரியா என்று கேட்டார். ஆன்லைனில் ஏற்றிவிட்டு, சாரிடம் கொடுக்க ஒரு பிரதி அச்செடுத்து நீட்டினார். அடியில் வழக்கம் போல ஒரு சுழி போட்டேன்.

தாளைத் திருப்பித் தள்ளினார்.

“கையெழுத்தும் முழுசாப் போடுங்க.”

வேலுச்சாமி என்று போட்டேன்.

எதிர்க்கடைக்கு அவர் குரல் கொடுக்கவில்லை.

இதை எழுதுவது பஸ் ஸ்டாப்பில். மும்தாஜுக்குப் போன் போட்டேன். “அந்தப் போட்டோவை அழிக்காதம்மா. வச்சுக்க. நான் வந்து சொல்றேன்” என்றேன்.

“சரிண்ணே. சார் வந்துட்டாரு. என்னையக் கூப்புடுறாரு. எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கேன்.”

இதுவும் பொய். டவுன் பஸ் ஒன்று நின்று போய்விட்டது, நான் ஏறவில்லை. அடுத்தது வளைவில் திரும்புகிறது.