பிறைவீட்டிலிருந்து வந்த போத்தல்கள்

ஏப்ரல் 13, 2020
ரத்தம் ஏற்ற இன்னும் ஐந்து நாள். மூன்றாவது வாரம் வந்தாலே எனக்கு எல்லார் மீதும் எரிச்சல் வரும். இன்று பூனை மாட்டிக்கொண்டது. தலசீமியாவோடு இருபத்து மூன்று வருடம் ஓட்டியாயிற்று, அதுவும் ஊரார் ரத்தத்தில். தலைநகர் மாலேயில் கொரோனா பரவும் என்கிறார்கள். வரட்டும், அதுவும் வரிசையில் நிற்கட்டும்.

ஏப்ரல் 16
மாலேயைப் பூட்டிவிட்டார்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக அனுமதி வேண்டும். எனக்கு ரத்தம் தருகிறவர்கள் பட்டியலில் ஓ நெகட்டிவ் ஆறு பேர். நான்கு பேர் மாலேயில் மாட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் ஷஹூதா கர்ப்பமாக இருக்கிறாள். ஆறாவதாக "உம்மா வழிச் சொந்தம்" என்று எழுதியிருக்கிறேன். பெயர் கேட்டால் உம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். மூன்று வருடமாக ரத்தம் தருகிற சொந்தம், பெருநாளுக்குக்கூட வீட்டுப்பக்கம் வந்ததில்லை!

ஏப்ரல் 18
ஏற்ற வேண்டிய நாள். ஏற்றவில்லை.

ஏப்ரல் 25
நோன்பு தொடங்கிவிட்டது. எனக்கு இல்லை. கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. சுகாதார நிலையத்தில் குத்திப் பார்த்தார்கள்: ஹீமோகுளோபின் ஏழு.

"ஆஸ்பத்திரித் தீவுல இந்த ரத்தம் ஒரு பைகூட இல்ல. குடுக்கிற ஆளையும் கையோட கூட்டிட்டுப் போங்க" என்றாள் நர்ஸ்.

அரிசி ஏற்றி வருவதால் வாப்பா தண்டேலாக ஓட்டும் எங்கள் தோணிக்கு மட்டும் அனுமதி இருக்கிறது. "உன் சொந்தக்காரன் யாருன்னு சொல்லு, இப்பவே கிளம்பலாம்" என்றார் உம்மாவிடம். உம்மா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் பிசைய அதில் மாவே இல்லை.

ஏப்ரல் 26
உம்மா சொல்லிவிட்டாள். பிறைவீட்டு ஹுஸைன் மானிக்.

யாரு? வாப்பாவை எதிர்த்து நின்னு ஒன்பது ஓட்டில ஜெயிச்சாரே, அவரா? அந்தத் தீவு சபைத் தேர்தலிலிருந்து துறைமுகத்தில் வலை பின்னிய நாற்காலிகளில் எங்கள் கட்சி வடக்கே உட்காரும், அவர்கள் தெற்கே. அந்தக் கட்சிக்காரன் கால் வைத்தால் தோணியையே கொளுத்திவிடுவேன் என்று வாப்பா ஊர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

தேர்தல் முடிந்த சில மாதங்களிலேயே உம்மாவும் அவர் மனைவியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடாம். ஹுஸைன் மானிக் வாரப் படகில் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது வாரப் படகு இல்லை. ரத்தம் கொடுத்த வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல் ரிஹாகுரு அனுப்புவது எங்கள் வழக்கம். மீன் ரசத்தை நாள் முழுக்க வற்றவைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். உம்மா ஏன் எப்போதும் ஒரு போத்தல் கூடுதலாகக் காய்ச்சினாள் என்று இப்போது புரிகிறது.

வாப்பா கத்தவில்லை. "மூணு வருஷமா என்னை முட்டாளாக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க மகளை உயிரோட வச்சிருந்தோம்" என்றாள் உம்மா. வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 27
வாப்பா தோணியைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். பயமா இருக்கு. எனக்குச் சாகப் பிடிக்கல. இதைச் சத்தமா சொல்ல வெட்கம், அதான் இங்க எழுதுறேன்.

ஏப்ரல் 28
போய் வந்தோம்.

ஹுஸைன் மானிக் முகக்கவசத்தோடு கரையிலேயே நின்றார். வடக்கும் தெற்கும் வேடிக்கை பார்த்தது. "கால் வைக்கலாமா தண்டேல்? இப்பத்தான் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு, கொளுத்தினா நஷ்டம்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

வாப்பா கயிற்றை இழுத்துப் பிடித்தார். "வைங்க. அலை அடிக்குது, பாத்து."

ஒரு மணி நேரப் பயணம். ஹுஸைன் மானிக் அன்றைய நோன்பை விட்டுவிட்டு வந்திருந்தார். ரத்தம் எடுத்து முடித்ததும் அவரை ஏதாவது குடிக்கச் சொன்னார் டாக்டர். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. வாப்பா தேடித் திரும்புவதற்குள் ரத்தத்தைச் சோதித்து எனக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வாப்பா எங்கிருந்தோ ஓர் இளநீர் கொண்டுவந்து, ரமலான் பகலில், ஆஸ்பத்திரி வாசலில் வைத்து வெட்டினார்.

"குடிங்க. யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"இதுக்காகக் கட்சி மாறச் சொல்லக் கூடாது."

"குடிடா முதல்ல."

உள்ளே அவர் ரத்தம் எனக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கியபோது ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தேன். அழுகை வந்தது. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மே 2
படியேறினேன். மூச்சு வாங்கவில்லை. பூனையோடு சமாதானம்.

மே 18
மாலேயிலிருந்து பனிப்பெட்டியில் இரண்டு பை வந்தது. ஏற்றிவிட்டார்கள்.

மே 24, பெருநாள்
தொழுகை முடிந்ததும் வாப்பா ரிஹாகுரு போத்தலை எடுத்துக்கொண்டு பிறைவீட்டுக்குப் போனார். முன்வாசல் வழியாக, ஊரே பார்க்க.

திரும்பும்போது கையில் ஒரு சாக்கு. காலிப் போத்தலைத் திருப்பி அனுப்புவதும் வழக்கம்தான். வாப்பா கண்ணில் பட்டுவிடும் என்று அவர்கள் அனுப்பாமலே இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழுவி, மூடி போட்டு வைத்திருந்தார்களாம். வாப்பா ஒவ்வொன்றாக எடுத்துச் சமையலறைத் தரையில் வைத்தார். பத்து போத்தல். அவற்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். சோறு ஆறுகிறது என்று உம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை.

மே 26
வாப்பா மீனுக்குப் போயிருக்கிறார். ரிஹாகுரு காய்ச்சும் பெரிய பானையைத் தேய்த்து வைக்கச் சொன்னார். பத்து போத்தலையும் வெயிலில் காயவைத்திருக்கிறேன்.