கடல் எடுத்த அகராதி

2005 ஜூலை 12, செவ்வாய்

சுனாமிக்குப் பிறகு, இரவல் போன புத்தகங்களை யாரிடமும் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கல்லூரி நூலகப் பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் நேரே ‘கடல் எடுத்தது’ என்று சிவப்பு மையால் எழுதிவிட்டேன்.

இன்று எங்கள் கல்லூரி ஆசிரியர் நளீம் சேரின் உம்மாவுக்குச் சுகமில்லை என்று சாய்ந்தமருதுக்குப் பார்க்கப் போனேன். அவர் வீட்டு அலுமாரியில் எங்கள் விலங்கியல் புத்தகம் இருந்தது. ஒரு தாள்கூட நனைந்திருக்கவில்லை.

“இது கடல் எடுத்த புத்தகம்தானே, சேர்?” என்றேன்.

அவர் சிரித்தார். “ஓம் மிஸ். நீங்க கொண்டுபோன அகராதியையும் கடல்தானே எடுத்த?”

பதிவேட்டை நான்தான் பூட்டி வைக்கிறேன். அவருக்கு யார் காட்டியது? நாளைக்கே பூட்டை மாற்ற வேண்டும். இந்த நாட்குறிப்புக்கு அடியில் தாங்கலாகக் கிடக்கும் அகராதியை எங்கே ஒளிப்பது?