மீசை வழியே தண்ணீர்

6 ஜூலை 2025, ஞாயிறு

தேவனின் முடிதிருத்தும் கடையைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டிக் காட்டினான். "அண்ணே, இன்னும் எத்தன மாசம்? எனக்குக் கை அரிக்குது லா."

எங்கள் சிலிபின் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு இந்தத் தாடியின் காரணம் தெரியும். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, கடலில் இறங்கக்கூடாது. என் மனைவி சாந்தினியின் அம்மா, மங்களம் அத்தை, ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னது.

முதல் இரண்டு தடவை இதையெல்லாம் கேட்டுச் சிரித்தேன். முதலாவது பத்தாம் வாரத்தில் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம். அதைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது மூன்றாவது. இன்றோடு இருபது வாரம்.

முடி விஷயத்தில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி வருகிறேன். கடல் விஷயத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பிறக்கும்வரை எனக்கு ஆபீஸ் வேலைதான், மேடம் ஒத்துக்கொண்டார் என்று சாந்தினியிடம் சொன்னேன். எங்கள் மேலாளர் துளசி மேடத்திடம் நான் கேட்கவே இல்லை. எங்கள் கடல் ஆய்வுக் குழுவில் முக்குளிக்கிறவர்கள் நான்கே பேர். என் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. கடலில் இறங்காத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

17 ஜூலை, வியாழன்

நாளை லூமுட்டிலிருந்து படகு. வீட்டில் தஞ்சோங் மாலிமில் மீட்டிங் என்று சொல்லியிருக்கிறேன். மீட்டிங்குக்கு இட்லி கட்டித் தருகிறாளாம்.

18 ஜூலை, வெள்ளி

பதினேழு மீட்டர். மேலே நல்ல வெயில், கீழே தேத்தண்ணி நிறம். நீரோட்டம் குறைந்த நாளாகப் பார்த்துத்தான் போகிறோம். அப்படியும் இரண்டு கை நீளத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பாறைத்திட்டில் மோதி உடைந்த ஒரு பழைய நீராவிக் கப்பல். பெயர் யாருக்கும் தெரியாது, எங்கள் தாளில் அது 'இடம் 4'. சிதறிக் கிடக்கும் துண்டுகளை அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறிப்பது எங்கள் வேலை. கொதிகலன் ஓரிடத்தில், நங்கூரம் நாற்பது மீட்டர் தள்ளி. நடுவில் விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் பவளம், பவளத்தின் மேல் மீன்பிடிப் படகுகள் விட்டுப்போன வலை. ஆறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டையில் நீந்தப் பழகியவன் நான். தண்ணீரைக் கண்டு பயந்ததே கிடையாது.

இன்று பயந்தேன். கொதிகலன் கலங்கலுக்குள்ளிருந்து திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நின்றபோது அளவுநாடாவை நழுவவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. மாஸ்க்தான் பிரச்சினை. அதன் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. என் மூக்குக்குக் கீழே இப்போது தோலா இருக்கிறது? நான்கு மாதத்து மீசை இருக்கிறது. அதன் வழியே சொட்டுச் சொட்டாக ஏறியது. மூக்கால் ஊதி வெளியே தள்ளினேன். மறுபடி ஏறியது. மறுபடி ஊதினேன். கீழே கேட்பது நம் மூச்சு ஒன்றுதான். இன்று அது யாரோ துரத்தி ஓடிவந்தவனின் மூச்சு மாதிரி இருந்தது. டேங்கில் காற்று வழக்கத்தைவிட முன்னதாகவே தீர்ந்தது.

கீழே யாரும் தனியாகப் போவதில்லை. ஜாஹித் என் ஜோடி. ஈப்போவில் அவன் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பரோட்டா மாவு பிசையப் பயந்து கடலுக்கு ஓடிவந்ததாக இவனே சொல்லிக்கொள்வான். படகில் ஏறியதும் கேட்டான்.

"மச்சான், மீசைய மட்டும் எடுத்துரு லா. தாடி இருந்துட்டுப் போவட்டும்."

முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"கடலுக்குப் போகக்கூடாதுன்னும்தானே சொன்னாங்க?"

"ஆமா."

"அத வுட்டுட்டு இத மட்டும் புடிச்சிட்டு இருக்கியா?"

ஒன்றை உடைத்துவிட்டேன், அதனால்தான் மற்றதை இரண்டு மடங்கு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். இரண்டும் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

20 ஜூலை, ஞாயிறு

"நெத்தியில என்ன கோடு?" என்றாள் சாந்தினி, வெள்ளிக்கிழமை நான் வீடு திரும்பியதும். ஹெல்மெட் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

26 ஜூலை, சனி

ஸ்கேன். பிள்ளை காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். போன தடவையும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே வார்த்தையைத்தான் கேட்டேன். சாந்தினி என் தாடியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். கோயில் மணியை இழுக்கிற மாதிரி.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி இறங்க வேண்டும்.

1 ஆகஸ்ட், வெள்ளி

தெலுக் இந்தான். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

லூமுட் படகின் இஞ்சின் பழுது. அதனால் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு படகை ஏற்பாடு செய்திருந்தார்கள். காலை ஆறரைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். ஹுத்தான் மெலிந்தாங் மங்களம் அத்தையின் ஊர். படகுத்துறையை ஒட்டிய கொட்டகையில் இறால் உரிக்கிறார், இருபது வருடமாக. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, டேங்கைத் தோளில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். எட்டடி போவதற்குள் "மாப்ள" என்று குரல்.

கையெல்லாம் இறால் ஓடு. டேங்கைப் பார்த்தார், பிறகு தாடியைப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலைன்னு புள்ள சொன்னா?"

"இன்னிக்கி மட்டும்தான் அத்தை."

"ஒங்க தாடிய பாத்துத்தான் நான் நம்பிட்டு இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். கொட்டகைக்குள் திரும்பிப் போய்விட்டார்.

படகில் அந்த வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. மீசையில் களிம்பு அப்பிக்கொண்டேன், தண்ணீர் வராமல் இருக்க. ஜாஹித் என் கண்ணைப் பார்த்தான். "இன்னிக்கி ஒனக்கு வேணாம் மச்சான். மேடம்கிட்ட நான் சொல்றேன்." இல்லை, இறங்குகிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? ஏன்டா சொன்னேன்?

இரும்புச் சட்டங்கள் பக்கம் நான் அளவுநாடாவைப் பிடிக்க, அவன் படமெடுத்தான். பன்னிரண்டு நிமிடம். களிம்பு கரைந்து மீசை வழியே தண்ணீர் மூக்குவரை வந்துவிட்டது. ஊத வேண்டும் என்று தலையை நிமிர்த்தினேன். அந்தக் கலங்கலில் ஒரு வலை தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. முகத்தில் சுற்றியது. பிய்த்து இழுத்தேன். மாஸ்க்கும் சேர்ந்து நகர்ந்தது.

முழுக்கத் தண்ணி. கண்ணு தெரியல. மூக்குல ஏறிருச்சு. வாயில மூச்சுக்குழாய் இருக்கு, காத்து வருது, வாயால இழுத்தா போதும். அது தெரியும், நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அப்ப எதுவும் தெரியல. மேல போவணும், அவ்வளவுதான். காலை உதைச்சேன்.

ஆழத்திலிருந்து அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். பாதி ஆழம் ஏறியிருப்பேன். ஒரு கை என் இடுப்புப் பட்டையைப் பிடித்தது, இன்னொன்று தோளை. ஜாஹித். தன் மிதவைச் சட்டையிலிருந்த காற்றைத் திறந்துவிட்டு என்னோடு சேர்ந்து கீழே விழுந்தான். நான் உதைக்க உதைக்க அடிவரைக்கும் விழுந்தோம். மணலில் என்னை மண்டியிட வைத்து, என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, நான் ஒழுங்காக மூச்சு விடும்வரை அப்படியே இருந்தான். பிறகு மாஸ்க்கைச் சரிசெய்தான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுவந்தான்.

படகில் ஏறியதும் அவனால் நிற்க முடியவில்லை. வாந்தி எடுத்தான். இடது காதிலிருந்து ரத்தம் வந்தது.

கீழே இறங்கும்போது அழுத்தம் காதை நெரிக்கும். மூக்கைப் பிடித்து ஊதினால்தான் காது திறக்கும். அதற்கு ஒரு கை வேண்டும். அவனுடைய இரண்டு கையும் என்னைப் பிடித்திருந்தன.

2 ஆகஸ்ட், சனி

ஷஹீதா வந்திருக்கிறாள், ஜாஹித்தின் மனைவி. இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாளாம். "என்னண்ணே ஆச்சு கீழ? தன் மேலதான் தப்புங்குறாரு, கவனிக்காம எறங்கிட்டேங்குறாரு."

தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மீசையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவள் என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.

என் பிள்ளைக்காக வளர்த்த முடி. அவளுடைய பிள்ளைகளின் அப்பன் உள்ளே படுத்திருக்கிறான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மங்களம் அத்தை காலை பஸ்ஸில் ஐஸ் போட்ட இறாலோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். சாந்தினி குளிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னார், "நான் வாயத் தொறக்கல. நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். சாந்தினி அழுவாள், வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும். ஹெல்மெட் போட்டா கண்ணுக்குக் கீழ கன்னத்துலயுமா கோடு விழும்?"

இரண்டு வாரமாகத் தெரிந்திருக்கிறது. "ஏன் கேக்கல?"

"கேட்டா நிப்பாட்டிருவீங்க. வேலை போயிரும். கேக்காம இருந்தா கடல்ல என்னமாச்சும் ஆயிரும். நான் எத கேக்கறது, சொல்லுங்க? நீங்க வர்ற வரைக்கும் சட்டையெல்லாம் எடுத்து எடுத்து மடிச்சிட்டு இருந்தேன்." அப்போதுதான் குரல் உடைந்தது. "முடிய வளத்துட்டு உயிர வுட்டுட்டு வந்தா, அத வச்சு நான் என்ன பண்றது?"

ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். கைகளைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடலுக்கு இறங்கமாட்டேன் என்று இந்தத் தடவை நான் சத்தியம் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பயம் வந்துவிட்டது, கீழே இறங்கினால் இன்னொருவரையும் சேர்த்து இழுப்பேன் என்று. வேலை போகட்டும் என்று நினைத்துத்தான் போனேன்.

மேடம் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "மே மாசமே கேட்டிருந்தா படகுல போட்டிருப்பேன். மேல இருந்து பாத்துக்கறதுக்கும் ஆள் வேணும்தானே பவித்ரன்? ஏன் கேக்கல?"

கேட்கவில்லை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஜாஹித்தின் காது—

செவிப்பறை மட்டும் இல்லையாம், உள்காதும் அடிபட்டிருக்கிறதாம். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

16 ஆகஸ்ட், சனி

லூமுட். படகில் நான். புதிய ஜோடி கீழே. குமிழிகள் வருகின்றனவா என்று முப்பத்தெட்டு நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தேன். மேலே இருந்தால் பயம் குறையும் என்று யார் சொன்னது?

14 செப்டம்பர், ஞாயிறு

ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள், படகுப் பொறுப்பாளனாக.

ஜாஹித்தைப் பார்க்க அவன் அத்தா கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தான். இடது பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு கிளாஸ் தே தாரிக் கேட்டுக்கொண்டே இருந்தார், இவன் திரும்பவில்லை. "மாவு பெசய பயந்து ஓடுனேன். கடைசியில இங்கதான் கொண்டாந்து ஒக்கார வச்சிருக்கு," என்றான். சிரித்தான். நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன், தின்னவில்லை. எழுந்து வரும்போது, "வலது பக்கம் வந்து பேசு மச்சான், என்ன சொன்னாலும் கேக்கும்," என்றான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போல. வலது பக்கம் போய் நின்றேன். பரோட்டாக் காசை நீட்டினேன். தோளைத் தட்டி அனுப்பினான்.

5 நவம்பர், புதன்

ஜாஹித்துக்குக் கடைசிப் பரிசோதனை. இடது காது இனி கேட்காது. முக்குளிக்கவும் கூடாது.

சாந்தினிக்கு முப்பத்தேழு வாரம் முடிந்துவிட்டது. எதற்கு வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன்.

19 நவம்பர், புதன்

பெண். மூன்று கிலோ இருநூறு. காலை 10.20. அழுதாள். சத்தமாக அழுதாள்.

21 டிசம்பர், ஞாயிறு

முப்பது நாள் கழிந்து பேர் வைத்தோம். காலையில் தேவன் கடையில் தாடி, மீசை எல்லாம் போனது. கண்ணாடியில் யாரோ ஒல்லியான ஆள் உட்கார்ந்திருந்தான்.

ஜாஹித் வருவானா என்று நிச்சயமில்லாமல்தான் அழைத்தேன். ஷஹீதாவோடும் பிள்ளைகளோடும் வந்தான். "குடு லா" என்று என்னிடமிருந்து பாப்பாவை வாங்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டான். அவள் அவன் கழுத்தில் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். அவன் பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் எதையோ கவனிப்பவன் போல நின்றான். ஷஹீதா வேறு பக்கம் பார்த்தாள்.

பிறகு பாப்பாவின் தலையைத் தாங்கி, மெதுவாக வலது தோளுக்கு மாற்றிக்கொண்டான். இரண்டு கையும் அவளைப் பிடித்திருந்தன.

"மூச்சு வுடறது கேக்குது மச்சான்," என்றான்.