கிணற்றுநீர் கலந்த தொட்டிகள்

இன்று கல்லூரி ஆய்வகத்தில் என் மாணவிகள் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைத் திறந்தார்கள். நீராவியில் வெந்த மண்ணின் வாடை அறை முழுக்க அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் நாம் இருவரும் ஒரே வழிகாட்டியிடம் ஆய்வு மாணவிகள். தொட்டிகளில் கிருமி நீக்கிய மண்ணை நிரப்பி, நெல் நாற்று நட்டு, இரண்டு வகை பாக்டீரியாக்களை விட்டு, நைட்ரஜனுக்கான போட்டியில் எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது உன் வேலை. எது ஜெயித்தாலும் நாற்று மஞ்சளடித்துப் போனது.

ஒருநாள் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது. வலியசாலைத் தெருவிலிருந்த உன் வீட்டிலிருந்து கொதிக்கவைத்த தண்ணீர் கொண்டுவந்து சில தொட்டிகளுக்கு ஊற்றினாய். உன் அம்மா நன்றாகத்தான் கொதிக்கவைத்திருந்தார். ஆனால் குடிதண்ணீருக்குச் செய்வதுபோல, சூடு ஆற ஒரு சொம்பு கிணற்றுநீரையும் அதில் கலந்துவிட்டார்.

அந்தத் தொட்டிகளில் மட்டும் நாற்று கரும்பச்சையாக நின்றது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அமீபாக்கள் பாக்டீரியாக்களை மேய்ந்துகொண்டிருந்தன. என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாய்.

"எது ஜெயிச்சாலும் நைட்ரஜனை முழுங்கிண்டு உக்காந்துடறது. அதை இதுகள் தின்னு வெளியே விட்டாத்தான்டி செடிக்குக் கிடைக்கும்."

அமீபாவை வேண்டுமென்றே விட்டு மறுபடி செய்ய அனுமதி கேட்டாய். வழிகாட்டி மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கக்கூட இல்லை. அழுக்குத் தண்ணீர் புகுந்த மண், வேகவைத்துக் கொட்டு என்றார். துறைத் தலைவரிடம் போகலாம் என்று உன்னிடம் மன்றாடினேன். நீயோ பச்சை நாற்றோடு தொட்டிகளை உன் கையாலேயே ஆட்டோகிளேவில் அடுக்கினாய்.

"போட்டும், களஞ்சுடலாம். அவரோட சண்டை போட்டுண்டு இங்கே இருக்க முடியுமா?"

சண்டை போடாமல் விட்டும் நீ அங்கே நிலைக்கவில்லை. ஆய்வைப் பாதியில் விட்டு வங்கி வேலைக்குப் போனாய். சில வருஷம் கழித்து அதே மனிதர் மேடையில் அமீபாவின் மேய்ச்சலைப் பற்றி, தான் பெற்ற பிள்ளை மாதிரி பெருமையாகப் பேசினார். போனில் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் இரங்கல் கூட்டத்துக்கும் வந்தார். சொன்ன சொல்லைத் தட்டாத மாணவி என்று உன்னைப் புகழ்ந்தார். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

என்னிடம் நீ விட்டுப்போனது இந்தக் கோபம் ஒன்றுதான். பாதி அவர்மேல், பாதி உன்மேல். இதையும் களஞ்சுடச் சொல்லாதே.